முன்பாய் மாற்றிய வரலாறு

பொன்முகலி என்று தமிழர் வழங்கும் சுவர்ணமுகி ஆறு ஏர்பேட்டு வட்டாரத்தைக் கடந்து, காளத்தியின் வழியே சென்று வங்கக் கடலில் கலக்கின்றது. தொழில் நிமித்தம் ஏர்பேட்டில் குடியேறிய தமிழரின் கண்ணுக்குக் கடல் தெரிவதில்லை. எனினும் தமிழினத்தின் வரலாற்றில் கடலோட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. அதன் ஒரு சிறு பகுதியை, அதாவது பாய்க்கப்பலின் முன்பாயை மாற்றும் முறை வளர்ந்த விதத்தை, ஈண்டுக் காண்போம்.

கப்பலின் மூக்கிலிருந்து பாய்மரத்தின் உச்சிவரை இழுத்துக் கட்டிய வடத்தில் ஏறும் முக்கோணப் பாயே முன்பாய். காற்று மெலிந்தால் பெரிய பாய் வேண்டும். வலுத்தால் சிறிய பாய் வேண்டும். பழைய முறையில், பாயின் ஓரத்துக் கொக்கிகளை ஒவ்வொன்றாக வடத்தில் மாட்ட வேண்டும். எனவே பாயை மாற்ற ஒருவர் மூக்குவரை சென்றே தீர வேண்டும். காற்று வலுக்கும் வேளையே பாய் மாற்றும் வேளை. மூக்கு அலையில் மூழ்கி எழும் வேளையும் அதுவே. மாலுமிகள் பலர் உயிரிழந்த இடம் அது.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930 ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் இருமரக் கப்பலை, வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 1938 ஆகஸ்டில் அக்கப்பல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதனைச் செலுத்திச் சென்றவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள். பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய 32 அடிப் படகான 'சுஹைலி'யில், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1968 ஜூன் 14 அன்று புறப்பட்டு, எங்கும் தங்காமல் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22 அன்று கரை சேர்ந்தார். 312 நாட்களும் பாயை ஏற்றவும் இறக்கவும் அவருக்கு வேறு துணையில்லை.

மாலுமியை மூக்கிலிருந்து விடுவிக்க எழுந்ததே சுருட்டு உருளை. 1907 இல் இங்கிலாந்தில் உரிமம் பெற்ற வைக்கம்-மார்ட்டின் கருவியில், கீழே ஓர் உருளையும் மேலே ஒரு சுழலியும் இருந்தன. பின்னிருக்கையிலிருந்தே கயிற்றை இழுத்தால் உருளை சுழன்று, பாய் தன்மேல் தானே சுருண்டுவிடும். ஆயின் அது முழுதும் விரிந்திருக்கும், அல்லது முழுதும் சுருண்டிருக்கும், இடைநிலைக்கு ஏற்றதன்று. பின்னர் வடத்தைச் சூழ்ந்து உலோகக் குழலைப் பொருத்தி, அதில் காடி வெட்டி, பாயின் விளிம்பு நாடாவை அக்காடியில் ஏற்றினர். குழல் முழுவதும் ஒன்றாய்ச் சுழன்றதால் பாயைப் பாதியளவு சுருட்டவும் முடிந்தது.

ஆனால் ஒரு சங்கடம் எஞ்சியது. பாதி சுருண்ட பெரிய பாய் தடித்து, வடிவிழந்து, கடுங்காற்றில் நன்கு இழுப்பதில்லை. அதைக் கழற்றிச் சிறிய பாயை ஏற்றுவதெனில், முதலில் அந்தப் பெரிய பாயை அதே காற்றில் முழுதும் விரித்தாக வேண்டும். இறங்கும் பாயை வடத்தோடு பிணைத்து நிறுத்தக் கொக்கிகளும் இல்லை. காடியை விட்டு வெளிவந்த துணி தளமெங்கும் புரளும். 1970களில் பந்தயப் படகுகளில் பரவிய இரட்டைக் காடி, பழைய பாயை இறக்குமுன் புதியதை ஏற்ற உதவியது.

ஆகவே கருவியைத் தேர்வோர் சிலவற்றை ஆராய வேண்டும். நாடாவின் தடிப்பு காடிக்குப் பொருந்த வேண்டும். தனியாளும் பாயை ஏற்ற, காடியின் வாயில் வழிநடத்தி ஒன்று வேண்டும். ஏற்றுக்கயிறு வடத்தைவிட்டு விலகிய கோணத்தில் உச்சியை அடைய வேண்டும். இன்றேல் அது குழலைச் சுற்றி, உருளையையே சிக்கவைக்கும். உயரம் குறைந்த சிறு பாய்க்கு ஈடுகட்டும் கயிற்றை முன்னரே அளந்து வைத்தல் நன்று. அடிமுனைப் பூட்டு, குளிரில் விறைத்த ஒரு கையால் திறக்கத்தக்கதாகவும், பாய் படபடக்கும்போது தானே திறவாததாகவும் அமைதல் வேண்டும். புயற்பாய்க்கெனக் கொக்கி மாட்டும் தனி உள்வடம் அமைப்பது எல்லாவற்றினும் சிறந்தது.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கேரளத்தைச் சேர்ந்த தில்னா என்னும் இரு கடற்படைப் பெண் அதிகாரிகள், 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' படகில் புறப்பட்டு, தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையையும் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினர். சுமார் 25,600 கடல் மைல்! கோவாவில் கட்டிய அப்படகில் முன்பாய்களோடு புயற்பாயும் தனியே உண்டு. எவ்வளவு நல்ல கருவி வாய்ப்பினும், காற்று வலுக்குமுன்னரே பாயைக் குறைக்கும் முன்னறிவுக்கு அது ஈடாகாது. அன்னபூரணியின் மாலுமிகளிடம் உருளை இல்லை. அந்த முன்னறிவு இருந்தது. கருவி மாலுமியின் உழைப்பைக் குறைக்கலாம். வானத்தைப் பார்க்கும் கடமையைக் குறைப்பதில்லை.