வீட்டு நீர்மூல வெப்ப எக்கி

நீர்மூல வெப்ப எக்கி என்பது கிணறு, குளம், ஆறு, கடல் முதலிய நீர்நிலைகளில் உள்ள வெப்பத்தைப் பிரித்தெடுத்து, அதனை உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றி, கட்டடங்களைச் சூடாக்கப் பயன்படும் ஒரு பொறி ஆகும். நீரைப் பம்பு தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்துக்கு ஏற்றுவதுபோல, இது வெப்பத்தைத் தாழ்ந்த வெப்பநிலையிலிருந்து உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றுகின்றது. குளிர்காலம் நீண்டிருக்கும் நாடுகளில், சொந்த நிலத்தில் கிணறோ குளமோ உடைய சிலர் இத்தகைய எக்கியைத் தாமே நிறுவிக்கொள்கின்றனர். இக்கட்டுரை அவ்வாறு தாமே நிறுவும் முறையை, சிறப்பாக இங்கிலாந்து நாட்டு நிலைமைகளை ஒட்டி, விளக்குகின்றது.

செயற்படும் முறை

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உட்புறம் குளிர்ந்தும் பின்புறம் சூடாகவும் இருப்பதைப் பலரும் கவனித்திருப்பர். வெப்ப எக்கியும் அதே பொறிதான். இங்கு பயன்படுவது பின்புறத்துச் சூடு. எளிதில் ஆவியாகும் குளிர்பதனப் பொருள் ஒன்று மூடிய குழாய்ச் சுற்றில் ஓடுகின்றது. ஆவியாக்கி எனும் பகுதியில் அது கிணற்று நீரின் வெப்பத்தைப் பெற்று ஆவியாகும். கம்பிரசர் எனப் பரவலாக அறியப்படும் அமுக்கி அவ்வாவியை அழுத்த, அதன் வெப்பநிலை உயர்கின்றது. பின்னர் அது ஒடுக்கியில் வீட்டுச் சூடேற்று நீருக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகி, விரிவு வால்வு வழியே அழுத்தம் குறைந்து மீண்டும் ஆவியாக்கியை அடைகின்றது.

கிடைக்கும் வெப்பத்துக்கும் செலவாகும் மின்னாற்றலுக்கும் உள்ள விகிதம் செயல்திறன் கெழு எனப்படும். குளிர்பதனப் பொருள் 0 பாகை செல்சியசில் ஆவியாகி 35 பாகையில் ஒடுங்குமாயின், வெப்ப இயக்கவியலின்படி இக்கெழுவின் உச்ச எல்லை 8.8 ஆகும். நடைமுறைப் பொறிகள் இதில் ஏறத்தாழப் பாதியையே எட்டுகின்றன. ஒடுங்கும் வெப்பநிலை 55 பாகையானால் எல்லை 6 அளவுக்கு இறங்கிவிடும். கையில் கிடைப்பது 3 மட்டுமே. எனவே தரைக்கு அடியில் குழாய் பதித்து 35 பாகை நீரால் சூடாக்கப்படும் வீடு, பழைய சிறிய கதிர்ப்பிகளைக் கொண்ட வீட்டைவிட மிகக் குறைந்த செலவில் சூடாகும்.

வரலாறு

வெப்ப எக்கியின் கோட்பாட்டை 1852 ஆம் ஆண்டில் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) முன்வைத்தார். ஆசுத்திரியாவின் எபன்சே உப்பாலையில் பீட்டர் வொன் ரிட்டிங்கர் 1850களில் அமைத்த பொறியே முதல் வெப்ப எக்கி எனக் கருதப்படுகின்றது. அது உப்பு நீரைக் காய்ச்சப் பயன்பட்டது. ஆற்று நீரைக் கொண்டு கட்டடத்தைச் சூடாக்கியதில் பெயர் பெற்றது சூரிச் நகர மன்றம் ஆகும். அங்கு 1938 இல் லிம்மத் ஆற்று நீரை மூலமாகக் கொண்ட எக்கி இயங்கத் தொடங்கியது.

தாமே அமைப்போரின் முன்னோடி என நோரிச் நகர மின்பொறியாளர் ஜான் சம்னரைக் கூறலாம். இவர் இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கு இடையே, கிடைத்த பாகங்களைக் கொண்டே ஓர் எக்கியை உருவாக்கி, 1945 இல் வென்சம் ஆற்று நீரால் நகர மின்துறைக் கட்டடத்தைச் சூடாக்கினார். குளிர்பதனப் பொருளாகக் கந்தக ஈரொட்சைட்டு பயன்பட்டது. அதன் சராசரிச் செயல்திறன் கெழு 3 ஐத் தாண்டியது. வீட்டு வெப்ப எக்கிகளைப் பற்றி இவர் எழுதிய நூல் 1976 இல் வெளிவந்தது. இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு: இலண்டனின் ராயல் பெசுட்டிவல் அரங்கில் 1951 இல் தேம்சு ஆற்று நீரைக் கொண்டு இயங்கிய எக்கி நன்றாகவே வேலை செய்தது, ஆனால் அரங்கின் தேவையைவிட மிகப் பெரியதாக அமைந்ததால் பொருளாதார அளவில் தோல்வியுற்றது.

திறந்த சுற்றும் மூடிய சுற்றும்

திறந்த சுற்றில் கிணற்று நீரோ ஆற்று நீரோ நேரடியாக எக்கிக்குக் கொண்டுவரப்பட்டு, சில பாகை குளிர்ந்தபின் திருப்பி விடப்படும். மூடிய சுற்றில் பாலித்தீன் குழாய்ச் சுருள்கள் குளத்தின் அடியில் அமிழ்த்தப்பட்டு, அவற்றுள் உறைதடுப்பி கலந்த நீர் சுற்றி வரும். முன்னதில் வெப்பநிலை இழப்பு குறைவு. ஆதலால் செயல்திறன் மிகும். பின்னதில் மண்ணும் பாசியும் எக்கியை அடைவதில்லை. நிலத்தடி நீர் உள்ளவர்கள் முதலாவதையும், குளம் உள்ளவர்கள் இரண்டாவதையும் தெரிவு செய்வது பொது வழக்கம்.

தேவைப்படும் நீரின் அளவு

தாமே நிறுவ முனைவோர் முதலில் செய்யவேண்டியது பொறி வாங்குவது அன்று, நீரை அளப்பது. 8 கிலோவாட் வெப்பம் தரும் எக்கி, கெழு 4 எனில், 2 கிலோவாட்டை மின்சாரத்திலிருந்தும் 6 கிலோவாட்டை நீரிலிருந்தும் பெறுகின்றது. ஒரு கிலோகிராம் நீர் ஒரு பாகை குளிரும்போது 4.19 கிலோயூல் வெப்பம் தரும். நீரை 3 பாகை மட்டும் குளிர்விப்பதாயின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 29 லிட்டர் நீர் தேவை. 5 பாகை குளிர்விக்கலாம் எனின் 17 லிட்டர் போதும்.

எத்தனை பாகை குளிர்விக்கலாம் என்பதை நீரின் மூலமே தீர்மானிக்கின்றது. தென் இங்கிலாந்தின் சுண்ணப்பாறைப் படுகைகளில் நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் 10 முதல் 12 பாகை வரை இருக்கும். 5 பாகை எடுத்தாலும் இடர் இல்லை. ஆற்று நீரோ கடுங்குளிர் நாட்களில் 3 அல்லது 4 பாகைக்கு இறங்கிவிடும். வீட்டுக்கு வெப்பம் மிகுதியாக வேண்டிய அதே நாளில் ஆறு மிகக் குறைவாகத் தரும் என்பதே ஆற்று நீரின் பெருங்குறை.

குளத்தைப் பலர் அளவுக்கு மீறி நம்புகின்றனர். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் உடைய குளத்தில் 150 கனமீட்டர் நீர் இருக்கும். பார்வைக்குப் பெரிதுதான். ஆயினும் அதிலிருந்து இடைவிடாது 6 கிலோவாட் எடுத்தால், புது நீர் வராத நிலையிலும் நிலத்திலிருந்து வரும் வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாத நிலையிலும், அது நாளொன்றுக்கு 0.8 பாகைக்கு மேல் குளிரும். நீர் 4 பாகையில் இருந்து தொடங்கினால் ஐந்தே நாட்களில் உறைநிலையை எட்டிவிடும். நீர் உறையும்போது கிலோகிராமுக்கு 334 கிலோயூல் வெப்பம் வெளிப்படுவதால் அதன் பின்னும் வெப்பம் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் சுருளின்மேல் படியும் பனிக்கட்டி வெப்பத்தைத் தடுப்பதோடு, நீரைவிட இலேசானதால் சரியாக எடை கட்டாத சுருளை மேலே மிதக்கவும் செய்துவிடும். ஊற்றோ ஓடையோ பாயும் குளமே நம்பத்தக்கது.

நீரேற்றும் செலவு

விற்பனைத் தாள்களில் காணப்படும் செயல்திறன் கெழுவில் கிணற்றுப் பம்பின் முழு மின்செலவு பெரும்பாலும் சேர்வதில்லை. மேலே கூறிய 29 லிட்டர் நீரை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, 40 விழுக்காடு திறனுடைய பம்புக்கு ஏறத்தாழ 235 வாட் தேவை. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் கெழு 4 இலிருந்து 3.6 ஆகிவிடும். ஏற்றம் 50 மீட்டராயின் 3.1 ஆகும். நீர்மட்டம் தரையிலிருந்து சில மீட்டர் ஆழத்தில் இருந்தால், திரும்பும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்குக் கீழே அமிழ்த்தி வைப்பதன் மூலம் இறங்கும் நீரின் எடை ஏறும் நீருக்குத் துணை செய்யும். பம்பு உராய்வை மட்டும் வெல்ல வேண்டியிருக்கும். வளிமண்டல அழுத்தம் தாங்கும் உயரம் 10 மீட்டர் மட்டுமே என்பதால் ஆழமான கிணறுகளில் இது முழுமையாகப் பயன்படாது.

குழாய் வாயை அமிழ்த்துவதில் வேறொரு நன்மையும் உண்டு. இரும்பு கரைந்துள்ள நிலத்தடி நீர் காற்றுடன் கலந்தால் செம்பழுப்பு நிறப் படிவு உண்டாகி, வடிகட்டியையும் பரிமாற்றியையும் அடைத்துவிடும். காற்றுப் படாது சென்று திரும்பும் நீரில் இத்தொல்லை பெரிதும் குறைகின்றது. கிணற்று நீரில் இரும்பு எவ்வளவு உள்ளது என முன்கூட்டியே சோதிப்பதற்கு ஆகும் செலவு சிறிது.

உறைதலால் நேரும் சேதம்

தாமே நிறுவிய எக்கிகளுக்கு நேரக்கூடிய விபத்துகளில் செலவு மிக்கது ஆவியாக்கி உறைந்து வெடிப்பதாகும். தற்காலத்தில் பயன்படும் தகட்டு வெப்பப் பரிமாற்றியில் மெல்லிய துருப்பிடிக்கா எஃகுத் தகடுகள் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கும். வடிகட்டியில் இலை அடைத்தோ பம்பு நின்றோ நீரோட்டம் குறைந்தால், எஞ்சிய நீர் சில நொடிகளிலேயே உறைந்து தகட்டைக் கிழிக்கும். வெளியில் எதுவும் தெரியாது. பனி உருகியதும் கிணற்று நீர் குளிர்பதனச் சுற்றுக்குள் புகுந்து அமுக்கியை அடையும். அதன்பின் பரிமாற்றியை மட்டுமன்றிப் பொறி முழுவதையுமே மாற்ற நேரலாம்.

ஆகவே ஒன்றை ஒன்று நம்பாத பல காவல்கள் தேவை. நீர் உண்மையில் ஓடுகின்றதா எனப் பார்க்கும் ஓட்ட உணர் சுவிட்சு ஒன்று; வெளியேறும் நீர் 3 அல்லது 4 பாகைக்கு இறங்கினால் அமுக்கியை நிறுத்தும் வெப்பநிலைக் காப்பு ஒன்று; குளிர்பதனச் சுற்றின் அழுத்தம் குறைந்தால் நிறுத்தும் சுவிட்சு ஒன்று. பம்புக்கு மின்சாரம் செல்கின்றது என்பது நீர் ஓடுகின்றது என்பதற்குச் சான்றாகாது. தொடங்கும்போது பம்பு முன்னரும் அமுக்கி பின்னரும், நிறுத்தும்போது அமுக்கி முன்னரும் பம்பு சில நிமிடம் கழித்தும் நிற்குமாறு அமைக்க வேண்டும். இவ்வளவும் வேண்டாம் என எண்ணுவோர், கிணற்று நீருக்கும் எக்கிக்கும் இடையில் கழற்றிக் கழுவக்கூடிய பரிமாற்றி ஒன்றை வைத்து, எக்கிப் பக்கம் உறைதடுப்பி கலந்த நீரை ஓட விடுகின்றனர். சில பாகை வெப்பநிலையும் சிறிது செயல்திறனும் இழக்கப்படும். ஆற்று நீருக்கு இந்த இழப்பை ஏற்பதே அறிவுடைமை.

தாமே செய்யத்தக்க பணிகள்

அகழி தோண்டுதல், குழாய் பதித்தல், வடிகட்டி அமைத்தல், சூடேற்று நீர்க் குழாய்களை இணைத்தல் ஆகியவை கைத்திறன் உள்ள எவரும் செய்யத்தக்கவை. ஆலையிலேயே குளிர்பதனப் பொருள் நிரப்பி மூடப்பட்ட எக்கியை வாங்கினால், நிறுவுபவர் நீர்க்குழாய்களையும் மின்கம்பிகளையும் மட்டுமே இணைக்க வேண்டியிருக்கும்.

பழைய குளிர்சாதனப் பொறியின் அமுக்கியை எடுத்துத் தகட்டுப் பரிமாற்றிகளை இணைத்துத் தாமே எக்கி செய்வோரும் உளர். இது வேறு தரத்துப் பணி. செப்புக் குழாய்களைப் பற்றவைக்கும்போது உள்ளே நைதரசன் வாயு ஓட வேண்டும்; இல்லையேல் கருகிய செதில்கள் விரிவு வால்வை அடைக்கும். பின்னர் வெற்றிடப் பம்பால் ஈரத்தை நீக்கவேண்டும். ஆர்-410ஏ போன்ற புளோரின் கலந்த குளிர்பதனப் பொருட்களை உரிய சான்றிதழ் இல்லாதோர் கையாளுவதும், காற்றில் திறந்து விடுவதும் பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சட்டப்படி தவறாகும். ஆர்-410ஏ இன் புவிச் சூடேற்றும் ஆற்றல், அதே எடையுள்ள கார்பனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 2,088 மடங்காகும். இதற்கு மாற்றாகப் புரொப்பேனைப் பயன்படுத்துவோர் அது தீப்பற்றும் என்பதையும், காற்றைவிடக் கனமானது என்பதையும் மறத்தலாகாது. கசிந்த வாயு தாழ்ந்த இடத்தில் தேங்கும். நிலவறையும் கிணற்றுக் குழியும் அத்தகைய எக்கிக்கு முற்றிலும் தகாத இடங்கள். அமுக்கியின் மின்தேக்கி மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் மின்னேற்றத்தை வைத்திருக்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

சட்டமும் மானியமும்

இங்கிலாந்தில் ஆற்றிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ நாளொன்றுக்கு 20 கனமீட்டருக்கு மேல் நீர் எடுக்கச் சுற்றுச்சூழல் முகமையின் உரிமம் பெற வேண்டும். எடுத்த நீரை அப்படியே திருப்பி விட்டாலும் இவ்வரம்பு பொருந்தும். முன்னர்க் கண்ட 29 லிட்டர் கணக்கின்படி மணிக்கு 1.7 கனமீட்டர் ஆகின்றது. ஆகவே எக்கி பதினொன்றரை மணி நேரம் ஓடினாலே வரம்பு எட்டப்பட்டுவிடும். உறைபனி நாளில் எக்கி இரவு பகலாக ஓடும். நீரை 5 பாகை குளிர்விப்போர் 19 மணி நேரம் ஓட்டலாம். நீரைத் திருப்பி விடுவதற்கும் தனியே அனுமதியோ விலக்கு நிபந்தனைகளோ உள்ளமையால், கிணறு தோண்டுவதற்கு முன்பே முகமையைக் கேட்டறிதல் நன்று. அமுக்கி தொடங்கும்போது ஈர்க்கும் மின்னோட்டம் பெரிதாதலால் வட்டார மின்வழங்கல் நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும்.

அரசு மானியம் தாமே நிறுவுவோருக்குக் கிடைப்பதில்லை. 2014 இல் தொடங்கிய வீட்டுப் புதுப்பிக்கத்தக்க வெப்ப ஊக்கத்தொகைத் திட்டம் 2022 மார்ச்சில் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. அதன்பின் இங்கிலாந்திலும் வேல்சிலும் வந்த கொதிகலன் மேம்பாட்டுத் திட்டம், நீர்மூல எக்கிகளுக்கும் பொருந்துவது. 2023 அக்டோபரில் அதன் மானியம் 7,500 பவுண்டாக உயர்த்தப்பட்டது. இரு திட்டங்களுமே சான்று பெற்ற நிறுவுநர் செய்த பணிக்கு மட்டுமே உரியவை. எனவே தாமே செய்வதால் மிச்சமாகும் கூலி இத்தொகையைவிடக் கூடுதலா என்பதை முதலிலேயே கணக்கிட வேண்டும். சிறிய வீடுகளில் பல வேளைகளில் அது கூடுதலாக இருப்பதில்லை. அகழியை வீட்டுக்காரரே தோண்டி, எக்கியை மட்டும் சான்று பெற்றவரிடம் விடுவது ஒரு நடுவழியாகும். இதற்கு அந்நிறுவுநர் முன்னரே உடன்பட வேண்டும்.

இயக்கச் செலவு

பிரித்தானியாவில் 2020களின் நடுப்பகுதியில் ஓர் அலகு மின்சாரத்தின் விலை ஓர் அலகு குழாய் எரிவாயுவின் விலையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. எரிவாயுக் கொதிகலனின் திறன் 90 விழுக்காடு எனில், பம்பின் செலவும் சேர்ந்த ஆண்டுச் சராசரிக் கெழு 3.6 ஐத் தாண்டினால்தான் எக்கி மலிவாகும். நீர்மட்டம் 20 மீட்டர் ஆழத்தில் உள்ள வீட்டில் மேலே கண்ட கணக்கு சரியாக இந்த எல்லையிலேயே நிற்கின்றது. எரிவாயுக் குழாய் எட்டாத, எண்ணெயையோ நேரடி மின்சூடேற்றியையோ நம்பியிருக்கும் நாட்டுப்புற வீடுகளில் நிலைமை வேறு. நேரடி மின்சூடேற்றிக்கு மாற்றாக வைத்தால், கெழு 3 ஆக இருந்தாலும் மின்செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.