எடையோடு ஒரு போர்

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஐம்பதுகளில் வானூர்திப் பொறியியல் பயின்ற ஐந்து மாணவர்களிடம் தாழப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி தரப்பட்டது. காற்றியக்கவியல் அப்துல் கலாமின் பங்கு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவை மற்ற நால்வருக்கு. பேராசிரியர் சீனிவாசன் விதித்த மூன்று நாள் கெடுவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ அந்தப் பங்கீடே முக்கியமாகத் தோன்றுகிறது. எடை என்று தனிப்பங்கு அதில் இல்லை. ஐவரின் பங்கிலும் அது மறைந்திருக்கிறது.

1983இல் ஒப்புதல் பெற்ற இலகுரகப் போர்விமானத்தின் பெயரிலேயே எடை பற்றிய வாக்குறுதி இருந்தது. பின்னாளில் தேஜஸ் எனப்பட்ட அவ்விமானத்தின் உடலில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 45 விழுக்காடு கார்பன் இழை போன்ற கலவைப்பொருள்கள். ஆனால் அதற்கென உருவான காவேரி என்ஜினோ 1,100 கிலோவுக்குள் இருக்கவேண்டியது, 1,235 கிலோவுக்கு வந்து நின்றது. எதிர்பார்த்த உந்துவிசையும் கிட்டவில்லை. 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் முதன்முதலாகப் பறந்தது அமெரிக்க என்ஜினோடுதான்.

கடற்படை வடிவத்தில் சிக்கல் முற்றியது. தாம்பரம் தளத்தின் நீண்ட ஓடுபாதையில் விமானி மூக்கை உயர்த்தி மெல்லத் தரை தொடலாம். கப்பலின் மேல்தளத்தில் அதற்கு இடமில்லை; விமானம் ஏறக்குறைய விழவே வேண்டும். கீழிறங்கும் வேகம் இருமடங்குக்கும் மேல். அந்த அடியைத் தாங்கச் சக்கரத் தாங்கிகள் தடிக்கவேண்டும், கம்பியைப் பற்றும் கொக்கி வேண்டும், அதன் இழுப்பு உடற்சட்டம் முழுதும் பரவவேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான தேவை, ஒவ்வொன்றும் எடை. அத்தனையும் சுமந்து, ஏறத்தாழ 200 மீட்டருக்குள் ஓடி, ஆயுதமும் எரிபொருளுமாக எழவேண்டும், ஒற்றை என்ஜினோடு.

தரைக்கென வரையப்பட்ட உடலைக் கடலுக்கு மாற்ற முனைந்ததே பிழையின் வேர் என்று நினைக்கிறேன். கப்பலுக்கென்றே வரைந்திருந்தால் இவ்வளவு பாரம் ஏறியிராது. இது நமக்கு மட்டுமே நேர்ந்த அவலமன்று. 2004இல் அமெரிக்காவின் எஃப்-35பி ஏறத்தாழ 1,000 கிலோ மிகுந்து, மறுபடி வரையப்பட்டது. அவர்களிடம் பணமிருந்தது.

2016 டிசம்பரில் கடற்படைத் தளபதி சுனில் லான்பா, விமானம் எடை மிகுந்தது, கப்பலுக்குப் பொருந்தாது என வெளிப்படையாகவே கூறினார். ஆயினும் சோதனைகள் நிற்கவில்லை. 2020 ஜனவரி 11 அன்று அவ்விமானம் விக்ரமாதித்யா கப்பலில் இறங்கியது. மறுநாள் அதிலிருந்தே எழுந்தது. கடற்படை 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்தது 26 பிரெஞ்சு ரஃபேல்களுக்கு. உள்நாட்டில் அடுத்துத் திட்டமிடப்பட்டிருக்கும் கப்பல் விமானத்துக்கு இரண்டு என்ஜின்கள்.