புகுந்ததா, புகுத்தப்பட்டதா? போபால் விசாரணையின் வினைச்சொற்கள்

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் 610ஆம் எண் கொள்கலனுக்குள் நீர் சேர்ந்தது. உள்ளே ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. வேதிவினையால் வெப்பமும் அழுத்தமும் பெருகி, நச்சுவாயு வெளியேறி உறங்கும் நகரின் மீது படர்ந்தது. இதுவரை எத்தரப்புக்கும் மறுப்பில்லை. பிணக்கு ஒரு வினைச்சொல்லில் தொடங்குகிறது: நீர் புகுந்ததா, புகுத்தப்பட்டதா?

'புகுந்தது' என்போர் அன்று மாலை நடந்த குழாய்க் கழுவலைச் சுட்டுகின்றனர். கழுவும்போது நீர் பிற குழாய்களுக்குள் செல்லாதிருக்கத் தடுப்புத் தகடு செருக வேண்டும், அது செருகப்படவில்லை. அதைக் கவனிக்க வேண்டிய இரவுநேரப் பராமரிப்பு மேற்பார்வையாளர் பணியிடமோ சில நாள்களுக்கு முன்னரே நீக்கப்பட்டிருந்தது. 'புகுத்தப்பட்டது' என்பது நிறுவனத்தின் வாதம். அதன் சார்பில் ஆய்ந்த ஆர்தர் டி. லிட்டில் என்னும் ஆலோசனை நிறுவனம், மனக்குறையுற்ற தொழிலாளர் ஒருவர் வேண்டுமென்றே குழாயை இணைத்தார் என 1988இல் வாதிட்டது. தன்வினையைப் பிறவினையாக்கியதும் எழுவாயாக ஒரு தனிமனிதர் தேவைப்படுகிறார். இவ்வாதம் அவரை ஆலையின் அடித்தட்டிலேயே கண்டுகொண்டது.

இவ்விரண்டுக்கும் இடையே தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. வாதம் முழுவதும் இந்த ஒரு வினையைச் சுற்றியே சுழன்றதால் கவனம் பெறாத வேறு வினைகள் உள்ளன. கொள்கலனைக் குளிர்நிலையில் வைக்கும் குளிரூட்டும் அமைப்பு 1984 ஜூனிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவைக் காரக் கரைசலால் செயலிழக்கச் செய்யும் ஸ்கிரப்பர் இயக்கமின்றிக் காத்திருப்பு நிலையில் வைக்கப்பட்டிருந்தது. எரிகோபுரத்துக்குச் செல்லும் குழாய் பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. பீய்ச்சியடிக்கப்பட்ட நீரோ வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. நிறுத்தப்பட்டது, வைக்கப்பட்டது, கழற்றப்பட்டது: எல்லாம் செயப்பாட்டு வினை. 'யாரால்' என்ற சொல்லைக் காணோம்! நாசவேலை என்றே கொண்டாலும், ஒருவர் திறந்துவிட்ட நீரைப் பேரழிவாக்கியவை இம்முடிவுகளே. இவற்றை எடுத்தவர்கள் கழுவும் குழாயைப் பிடித்தவர்கள் அல்லர். 1982இலேயே அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த ஆய்வுக்குழு ஆலையின் பல பாதுகாப்புக் குறைகளை எழுதிவைத்திருந்தது.

இன்னும் பின்னே சென்றால், அவ்வளவு பெரிய அளவில் அப்பொருளை ஏன் சேமிக்க வேண்டும் என்ற வினா எழுகிறது. மெத்தில் ஐசோசயனேட் விற்பனைப் பொருளன்று. பூச்சிக்கொல்லி செய்வதற்கான இடைநிலைப் பொருளே. இடர்மிகு பொருளின் இருப்பைக் குறைப்பதே முதற்பாதுகாப்பு எனப் பிரித்தானிய வேதிப் பொறியியலாளர் ட்ரெவர் கிளெட்ஸ் 1970களிலேயே வலியுறுத்தியிருந்தார். வரதராஜன் தலைமையிலான இந்திய அறிவியலாளர் குழுவின் 1985 அறிக்கையும் தேவைக்கு மிஞ்சிய சேமிப்பைக் குறையாகச் சுட்டியது. எனினும் பொதுவிவாதத்தின் நினைவில் தங்கியது நீரும் குழாயுந்தான்.

எழுவாயைச் சட்டம் ஓரளவு மீட்டது. 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின்படி, நிறுவனமொன்றின் ஆலைக்கு அதன் இயக்குநர்களுள் ஒருவரே பொறுப்பாளராகக் கொள்ளப்பட்டார். போபால் குற்றவழக்கிலோ, மரணம் விளைவிக்கும் குற்றம் என்ற கடுமையான குற்றச்சாட்டை 1996இல் உச்ச நீதிமன்றம் நீக்கி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்னும் 304ஏ பிரிவுக்குக் குறைத்தது. 2010 ஜூன் 7 அன்று, இந்திய நிறுவனத்தின் தலைவராயிருந்தவர் உள்ளிட்ட எழுவருக்கு அப்பிரிவின் உச்சமான ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர்கள் அன்றே பிணையில் வெளிவந்தனர்.