எசாயாவின் இளம்பெண்ணும் மத்தேயுவின் கன்னியும்

கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் கூடி மொழிபெயர்த்து 1995-இல் வெளியான 'திருவிவிலியம்' இன்று நம் பங்கில் அநேக இல்லங்களில் உள்ளது. அதில் எசாயா 7:14-ஐயும் மத்தேயு 1:23-ஐயும் அடுத்தடுத்துப் புரட்டிப் பார்ப்போர் சற்றே திகைப்பதுண்டு. எசாயாவில் 'இளம்பெண்' என்றிருக்கிறது. அதே இறைவாக்கை எடுத்தாளும் மத்தேயுவிலோ 'கன்னி' என்றிருக்கிறது. சி.எஸ்.ஐ. சகோதரர்கள் கையிலுள்ள பழைய வேதாகமத்தில் ஈரிடத்திலும் 'கன்னிகை' தான். அப்படியானால் தேவமாதாவின் கன்னிமைக்கு நாமே பங்கம் விளைவித்துவிட்டோமா? திருவருகைக்கால நான்காம் ஞாயிறன்று, மூன்றாண்டுக்கு ஒருமுறை இவ்விரு பகுதிகளும் ஒரே திருப்பலியில் வாசிக்கப்படுவதால், இதை ஒதுக்கிவிட்டுப் போவதற்கில்லை.

எசாயா முதலில் பேசியது நம்மிடம் அன்று, ஆகாசு மன்னனிடம். கி.மு. 735 வாக்கில் சிரியாவும் வட இஸ்ரயேலும் கைகோத்து எருசலேமை முற்றுகையிட வந்தன. மன்னன் நடுநடுங்கி அசீரியாவின் காலைப் பிடிக்க எண்ணினான். "அஞ்சாதே" என்ற இறைவாக்கினர், பிறக்கப்போகும் ஒரு பிள்ளையை அடையாளமாகக் காட்டினார். அப்பிள்ளைக்கு நன்மை தீமை தெரியுமுன்னே அவ்விரு அரசரின் நாடும் பாழாகும் என்றார். கி.மு. 732-இல் தமஸ்கு வீழ்ந்தது. எழுநூறு ஆண்டு கழித்து நிகழ்வது மட்டுமே அடையாளம் என்றால், வாசலில் பகைவன் நிற்கையில் ஆகாசுக்கு அதனால் என்ன ஆறுதல்? இறைவாக்கு என்பது ஜோசியர் கணிக்கும் ஜாதகம் அன்று.

அவர் ஆண்ட எபிரேயச் சொல் 'அல்மா'. மணப்பருவம் எய்திய பெண் என்று பொருள். நம் 'குமரி' என்ற சொல்லைப் போல. கன்னிமை அதில் தொனிக்கலாம், ஆயினும் அது முதலில் சுட்டுவது பருவத்தையே. கிறிஸ்துநாதர் பிறப்பதற்கு முன்பே, கிரேக்கம் பேசிய யூதர்களே எசாயாவை மொழிபெயர்த்தபோது அதைக் 'கன்னி' எனப் பொருள்படும் 'பார்த்தெனோஸ்' என்று எழுதினார்கள். கிரேக்கத்தில் எழுதிய மத்தேயு அச்சொல்லையே கையாண்டார். எனவே இது கிறிஸ்தவர் செய்த திரிபன்று. யூதர்தாம் மூலத்தைத் திருத்திவிட்டனர் என்று நம்மவர் சிலர் பேசியதும் நிற்காது. 1947-இல் சாக்கடலோரக் குகையில் கிடைத்த, கிறிஸ்துவுக்கு முந்திய எசாயா சுருளிலும் 'அல்மா' தான் இருக்கிறது. லூக்காவைப் பாருங்கள்: இவ்வாக்கை மேற்கோள் காட்டாமலே மரியாளின் கன்னிமையை அவர் அறிவிக்கிறார். நம் விசுவாசம் இவ்வொரு சொல்லின்மேல் மட்டும் கட்டப்பட்டதன்று.

ஆயினும் இச்சொல்லை வைத்து எத்தனை சண்டை! 2-ஆம் நூற்றாண்டிலேயே புனித யுஸ்தீன், திரிபோ என்ற யூதருடன் நடத்திய உரையாடலாக எழுதிய நூலில் இதே வாதம் வருகிறது.

'மெசியா' என்பதற்கும் எண்ணெயால் அருள்பொழிவு பெற்றவர் என்பதே நேர்ப்பொருள். இஸ்ரயேலின் அரசர்களும் குருக்களும் அப்பெயர் பெற்றனர். ஏன், பாபிலோனிய அடிமைத்தனத்தினின்று யூதரை விடுவித்த பாரசீக மன்னன் சைரசையே எசாயா 45:1 அவ்வாறு அழைக்கிறது. நம் கோரிப்பாளையம் தர்காவைச் சுற்றி வாழும் இஸ்லாமியப் பெருமக்கள் 'ஈசா மஸீஹ்' என்கிறார்களே, அந்த 'மஸீஹ்' இதன் உடன்பிறப்புச் சொல்தான். அவர்களது திருமறையின் 19-ஆம் அதிகாரம் மர்யம் பெயரையே தாங்கி, கன்னியிடம் ஈசா பிறந்ததைக் கூறுகிறது.

யூதர் நமக்குத் தூரத்து மனிதரும் அல்லர். 1606-இல் தத்துவ போதகர் கொச்சி வழியாக நம் மதுரைக்கு வந்தபோது, அங்கே 1568-இல் கட்டப்பட்ட யூதர் தொழுகைக்கூடம் இருந்தது; அவர்களுக்கு எசாயா எபிரேயத்திலேயே பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் அவரை வாசிக்கும் முறையும் ஏற்கத்தக்க ஒரு வாசிப்பே என்று பாப்பரசரின் விவிலிய ஆணைக்குழு 2001-இல் எழுதியது. அவர்களது மெசியா எதிர்பார்ப்பு வீணன்று என்றும், நாமும் வரவிருப்பவரை எதிர்நோக்கியே வாழ்கிறோம் என்றும், வருகிறவர் முன்பு வந்த இயேசுவின் சாயலைத் தாங்கியிருப்பார் என்பதே நமக்குள்ள வேறுபாடு என்றும் அவ்வேடு கூறுகிறது.