மலைமேல் ஒரு பெயர்ப்பலகை



ஊர் எல்லையில் நின்று வருவோரை வரவேற்கும் பலகைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அப்பலகை நிற்கும் நிலம் யாருடையது, அதனை அங்கே நிறுத்த இசைவு தந்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. வரலாற்றைப் போர்க்களங்களிலும் அரண்மனைகளிலும் மட்டுமே தேட வேண்டுவதில்லை. ஒரு பலகையிலும் தேடலாம் என்று என் மாணவர்களிடம் நான் கூறுவதுண்டு. அத்தகைய பலகை ஒன்றின் வரலாற்றை இங்கே காண்போம்.

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குச் செல்வோரை மலைச்சரிவிலிருந்து ஒன்பது வெண்ணிற எழுத்துகள் எதிர்கொள்கின்றன. ‘ஹாலிவுட்’ என்னும் பெயரை அவை தாங்கி நிற்கின்றன. திரைப்படத் தொழிலின் சின்னமாக உலகம் அறிந்த அப்பலகை, தொடக்கத்தில் வீட்டுமனை விற்பதற்கான விளம்பரமேயாகும்.

1923ஆம் ஆண்டில் அம்மலைச்சாரலில் ‘ஹாலிவுட்லேண்ட்’ என்னும் புதிய குடியிருப்பை அமைத்த நில வணிகர்கள், அப்பெயரைப் பதின்மூன்று ஆங்கில எழுத்துகளாக மலைமேல் நிறுத்தினார்கள். ஒவ்வோர் எழுத்தும் நாற்பது அடிக்கு மேல் உயரமுடையது. செலவு ஏறத்தாழ 21,000 டாலர். இரவில் ஏறக்குறைய 4,000 மின்விளக்குகள் ஒளிவிட்டன. ஒன்றரை ஆண்டுக்காலம் நின்றால் போதும் என்றே அவர்கள் கருதினார்கள். தம்முடைய நிலத்தில் தம்முடைய மனைகளை அவர்கள் விளம்பரம் செய்தார்கள்.

அம்மலையை அடுத்து ஒரு பெரும் பூங்கா இருந்தது. 1896ஆம் ஆண்டில் கிரிஃபித் ஜே. கிரிஃபித் என்னும் செல்வர் 3,015 ஏக்கர் நிலத்தை நகருக்குக் கொடையாக அளித்தார். எளிய மக்களும் இளைப்பாறத் திறந்தவெளி வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் பெயராலேயே அது கிரிஃபித் பூங்கா எனப்படுகிறது.

1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் மனை வணிகம் நலிந்தது. பலகையைப் பேணுவார் இல்லை, விளக்குகளும் அணைந்தன. 1940களின் நடுவில் பலகை நின்ற மலைநிலம் நகரின் உடைமையாகி, அப்பூங்காவுடன் சேர்ந்தது.

சிக்கல் இங்கேதான் பிறந்தது. நேற்றுவரை தனியார் நிலத்தில் நின்ற விளம்பரம், இப்போது மக்களின் பூங்காவில் நின்றது. அதன் முதல் எழுத்தோ சாய்ந்து விழுந்துவிட்டது. 1949ஆம் ஆண்டில், பலகையை அகற்றிவிடலாம் என்று பூங்கா ஆணையத்தார் எண்ணினர். அப்போது ஹாலிவுட் வணிகர் சங்கத்தார் முன்வந்து, தம் செலவில் அதனைச் செப்பனிட்டுக் காக்க இசைவு வேண்டினர்.

இசைவு கிடைத்தது, ஆனால் நிபந்தனைகளுடன் கிடைத்தது. குடியிருப்பின் பெயரைக் குறிக்கும் ‘லேண்ட்’ என்னும் கடைசி நான்கு எழுத்துகள் நீங்க வேண்டும். விளக்கேற்ற விரும்பினால் அதன் செலவைச் சங்கமே ஏற்க வேண்டும். சங்கத்தார் விளக்கில்லாமலே பலகையை நிறுத்தினர்.

இந்நிபந்தனையின் பொருளைச் சற்றே சிந்தியுங்கள். பொது நிலத்தில் ஊரின் பெயர் நிற்கலாம். ஒரு மனை வணிகத்தின் பெயர் நிற்றல் ஆகாது. வணிகர் சங்கத்துக்கும் இதனால் ஆதாயம் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், கேட்டவரின் விருப்பம் முழுவதையும் அப்படியே ஏற்காமல், நிலத்துக்குரிய மக்களின் நலனையும் எண்ணி முடிவு செய்தமையே இங்குச் சிறப்பு.

1973ஆம் ஆண்டில் நகரம் அதனை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஆயினும் மரமும் தகரமும் காலத்தை வெல்ல மாட்டா. 1978ஆம் ஆண்டில் பழைய எழுத்துகள் அகற்றப்பட்டு, எஃகால் புதியவை எழுந்தன. எழுத்துக்கு ஒருவராக ஒன்பது கொடையாளர்கள், ஒவ்வொருவரும் ஏறத்தாழ 27,700 டாலர் வழங்கினார்கள்.

கதை இத்துடன் முடியவில்லை. பலகையைக் காணத் திரளும் கூட்டத்தால் மலையடிவாரத்தின் குறுகிய தெருக்களில் வாழ்வோர் அல்லலுற்றனர். 2017ஆம் ஆண்டில், ஒரு வழக்கின் பின், அங்கிருந்து பூங்காவுக்குச் செல்லும் நடைவழியொன்று மூடப்பட்டது. வருவோரை அழைக்கும் பெயர், அங்கே வாழ்வோருக்குச் சுமையாவதும் உண்டு.

ஆகவே, மாணவர்களே, இசைவு கேட்டல் என்பது வெறும் சடங்கன்று. பொது நிலத்துக்கு உரிமையாளர் நாம் அனைவரும். அங்கே ஒரு சொல்லை எழுத விழைவோர் நம்மைக் கேட்டாக வேண்டும். கேட்கும்போது, எதனை நிறுத்தலாம், எதனை நீக்க வேண்டும் என்று ஆய்ந்து விடை கூறுதல் நம் கடமை. நாளைய குடிமக்களாகிய நீங்கள் அதற்கு இன்றே பழகுங்கள்.