டிரெய்லர் வீடு: அளவுத் தேர்வு

அமெரிக்காவில் சொந்த வீட்டை விட்டுவிட்டு, வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லரிலேயே ஆண்டு முழுவதும் வாழும் குடும்பங்கள் உண்டு. எத்தனை அடி நீளம் வாங்குவது என்பதே அவர்களுக்கு முதல் கேள்வி. சாலை விதிப்படி அகலம் பொதுவாக 8.5 அடியைத் தாண்டாது. கூடுதல் இடம் வேண்டுமானால் நீளத்தைக் கூட்ட வேண்டும். இல்லையேல் நிறுத்திய பின் சுவர் வெளியே நகர்ந்து அறையை விரிக்கும் ஸ்லைடு-அவுட் வசதி வேண்டும்.

பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு, அடுக்குக் கட்டில்கள் தனியறையில் அமைந்த பங்க்ஹவுஸ் வகையே ஏற்றது. கதவைச் சாத்திக்கொண்டு படிக்கவும் உறங்கவும் ஓர் இடம் இருப்பது பெரிய சமையலறையைவிட முக்கியம். மழை நாளில் எல்லோரும் உள்ளே அடைந்து கிடக்கும்போது இது புரியும். ஆனால் நீளம் கூடக் கூட, நிறுத்தும் இடங்கள் குறையும். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் அப்பர் பைன்ஸ் முகாமில் டிரெய்லருக்கு வரம்பு 24 அடிதான்.

பலர் கோட்டை விடுவது எடையில். விளம்பரத்தில் இருப்பது காலி டிரெய்லரின் எடை. பாத்திரம், துணி, புத்தகம், சைக்கிள் எல்லாம் அதற்கு மேல். 50 கேலன் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 190 கிலோ. சாதாரண டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இழுவைக் கொக்கியின்மேல் இறங்கும். பிக்கப் டிரக்கின் பின்தட்டில் பொருத்தும் ஃபிஃப்த் வீல் வகையில் இது இன்னும் அதிகம். ஆகவே டிரக்கின் கதவோரம் ஒட்டியிருக்கும் சுமை வரம்பைப் படித்த பிறகே டிரெய்லர் பார்க்கப் போக வேண்டும்.