கடல் கடந்து பேசிய கதை

தோட்டத்தில் நாம் ரப்பரைக் கித்தா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மரத்தின் பாலைக் குறிக்கும் கெத்தா என்ற மலாய்ச் சொல்லே நம் வாயில் கித்தா ஆயிற்று. பிரேசில் நாட்டு ரப்பர் மரம் இந்த மண்ணில் வேர்விடும் முன்பே இங்குள்ள காடுகளில் வேறொரு கித்தா இருந்தது. மலாய் மக்கள் அதைக் கெத்தா தாபான் என்றார்கள்; வெள்ளைக்காரர்கள் கட்டாபெர்ச்சா என்றார்கள். இங்கிருந்து தமிழ்நாட்டுக்கு நொடியில் செய்தி அனுப்பிய வரலாறு அந்தக் காட்டு மரத்தின் பாலில்தான் தொடங்குகிறது.

1843இல் மோண்ட்கோமரி என்ற மருத்துவர் சிங்கப்பூரிலிருந்து இந்தப் பாலின் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் போட்டால் இளகி, பிடித்த வடிவத்துக்கு வளையும், ஆறினால் இறுகிவிடும். கடலடியில் கிடந்தாலும் கெடாது, மின்சாரத்தைக் கசியவிடாது. செப்புக் கம்பிக்கு இதைப் பூசிக் கடலில் இறக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். அப்படிப் பூசிய கம்பி ஒன்று 1870, 1871ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் இழுக்கப்பட்டது.

இந்தப் பாலை எப்படி எடுத்தார்கள் என்று பால்வெட்டும் நம்மவர்கள் கேட்கக்கூடும். கோடு போட்டு மங்கில் வடிக்க முடியாது. வெட்டிய காயத்திலேயே பால் உறைந்து போகும். ஆகவே மரத்தையே சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டி, கிடைத்த கொஞ்சத்தை வழித்தெடுத்தார்கள். உலகக் கடல்களின் அடியில் ஓடிய கம்பிகளுக்காக லட்சக்கணக்கான மரங்கள் இந்தப் பகுதிக் காடுகளில் விழுந்தன. மரத்தைக் கொல்லாமல் நாளும் பால் எடுக்கும் முறையை ரிட்லி ரப்பர் மரத்தில் காட்டியது பிறகுதான்.

சரி, கம்பி வந்துவிட்டது. அதில் யார் பேசினார்கள்? பேச்சு என்றாலும் அது குரல் அல்ல, தந்தி. ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம். பெறுபவரின் முகவரிச் சொற்களுக்கும் கட்டணம். வணிகர்கள் ஒரு நீண்ட வாக்கியத்தை ஒரே சொல்லில் அடக்கும் குறிமொழிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு காசை மிச்சப்படுத்தினார்கள். நம் முன்னோருக்கு அந்த வழி ஏது? 1920களின் இறுதியில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த காலம் அது. தந்தி என்றால் சாவு. இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்கள். அதைக் கிராணி வாசித்துச் சொல்லும்போதே லயத்தில் அழுகை கிளம்பிவிடும்.

தந்திக்கும் வழியில்லாத வீட்டுக்குக் கடிதம்தான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறினால் பினாங்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலை மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆட்களைக் கொண்டுவந்த கடல்வழியேதான் கடிதங்களும் வந்தன. உலகப் பொருளாதார மந்தத்தின்போது லண்டனில் ரப்பர் விலை சரிந்தால், அந்தச் செய்தி கம்பி வழியே அன்றைக்கே தோட்ட முதலாளிகளை எட்டியது. அடுத்து நம் கூலியும் குறைந்தது. பெற்ற தாய் இறந்த செய்தியோ, கருமாதி முடிந்த பிறகு கப்பலில் ஆடி அசைந்து வந்தது. கடலுக்கடியில் கம்பி இருந்தது உண்மை, ஆனால் அது நமக்காகப் போட்ட கம்பி அல்ல.

ஜப்பானியர் ஆட்சியில் கடிதமும் நின்றது. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பலர் திரும்பவே இல்லை. ஊரிலிருந்த உறவினர்கள் போர் முடிந்தும் ஆண்டுக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு நீல நிற வான்கடிதம் வந்தது. மடித்து ஒட்டினால் அதுவே உறை. இடம் போதாமல் ஓரங்களிலும் எழுதுவோம். தொலைபேசி தோட்ட ஆபீசில் இருந்தது, லயத்தில் இல்லை. 1970இல் குவாந்தானில் செயற்கைக்கோள் தரைநிலையம் தொடங்கியது. இந்தியாவில் பூனாவுக்கு அருகில் ஆர்வியில் 1971இல் ஒன்று திறக்கப்பட்டது. இனிக் குரலே வானத்தில் ஏறி இறங்கலாம் என்றானது. அந்தச் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் குரல் மேலே போய்க் கீழே இறங்கக் கால் நொடி, பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. அந்த அரை நொடி மௌனத்தைத் தாங்கமுடியாமல் நாம் மறுபடியும் ஹலோ என்போம். அதே நேரம் அங்கிருந்து பதில் வந்து மோதும். கத்தினால்தான் கேட்கும் என்று நம் பெரியவர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

டவுனுக்குப் பஸ் ஏறிப் போய், ஆபரேட்டரிடம் பதிவு செய்துவிட்டு, பெஞ்சில் காத்திருந்த பகல்களை எங்கள் குடும்பத்தில் இன்றும் பேசுவோம். குறைந்தது மூன்று நிமிடத்துக்குக் கட்டணம். நலமா, மழை பெய்ததா, பணம் கிடைத்ததா என்று கேட்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். ஒருமுறை எங்கள் பாட்டி கூண்டுக்குள் போய்த் தம் தங்கையின் குரலைக் கேட்டதும் அழத் தொடங்கி, மூன்று நிமிடமும் அழுதே தீர்த்தார். அந்தப் பணத்துக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கியிருக்கலாம் என்று தாத்தா சொன்னார். பிறகு அவரே அடுத்த தீபாவளிக்கும் அழைத்துப்போனார்.

1980களின் தொடக்கத்தில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே தொலைபேசிக்கென்றே புதிய கடலடிக் கம்பி போடப்பட்டது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் மஞ்சள் எழுத்துப் பலகையோடு தொலைபேசிக் கடைகள் முளைத்தன. கடைக்கு அழைத்து, "பத்து நிமிடத்தில் மறுபடியும் கூப்பிடுகிறோம், மாமாவைக் கூட்டிவந்து வையுங்கள்" என்று சொல்லுவோம். பையன் ஒருவன் தெருவுக்குள் ஓடுவான்.

கம்பிகள் பெருகியும் கட்டணம் ஏன் இறங்கவில்லை? இங்கே ஒரே அமைப்பு, அங்கே ஒரே அமைப்பு. நாம் பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இங்குள்ள அமைப்பு அங்குள்ளதற்கு ஒரு தொகை கொடுக்கவேண்டும். அதை இருவரும் தமக்குள் பேசி முடிவு செய்தார்கள். போட்டி இல்லாத இடத்தில் விலை ஏன் இறங்கும்? தொழில்நுட்பம் மலிந்ததால் மட்டும் விலை குறைந்துவிடாது என்பது நம் கருத்து. மலேசியாவில் 1990களில் பல நிறுவனங்கள் உரிமம் பெற்றன. இந்தியாவில் வெளிநாட்டு அழைப்பின் தனியுரிமை 2002 ஏப்ரலில் முடிந்தது. அதே ஆண்டு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழைக் கம்பி திறக்கப்பட்டது. செம்புக்குப் பதில் மெல்லிய கண்ணாடி, மின்சாரத்துக்குப் பதில் ஒளி. பழைய தந்திக் கம்பி இணைத்த அதே இரண்டு நகரங்கள்தாம். ஆனால் அதில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பேசலாம்.

அப்போதுதான் சுரண்டும் அட்டைகள் கடைகளில் தொங்கின. நாணயத்தால் சுரண்டி எண்ணை அழுத்தினால் ஊர் வந்துவிடும். ஆனால் அட்டையில் அச்சிட்ட நிமிடம் வேறு, கையில் கிடைத்த நிமிடம் வேறு. இணைப்புக் கட்டணம் என்று முதலில் ஒரு பிடிப்பு. ஒரு நொடி கூடினாலும் முழு நிமிடமாகக் கணக்கு. நாள் கடந்தால் மீதி செல்லாது. நாங்களும் ஏமாந்தோம். பிறகு ஒரே அட்டையை அரைகுறையாகப் பலமுறை பயன்படுத்துவதைவிட ஒரே மூச்சில் பேசி முடிப்பதே லாபம் என்று கற்றுக்கொண்டோம்.

குரலைச் சிறு சிறு துண்டுகளாக்கி இணையத்தில் அனுப்பும் முறை அதற்கும் மேலே போயிற்று. 2003இல் ஸ்கைப், 2015இல் வாட்ஸ்அப் அழைப்பு. நிமிடக் கணக்கே போய்விட்டது. இணையத்துக்குக் கட்டும் பணம் மட்டும்தான். இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடியபோது நம் வீடுகளில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் எங்களை உறுத்துகிறது. பேச்சு விலையில்லாமல் ஆனபோது, பேசவேண்டியவர்கள் பலர் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் டவுனுக்குக் குடிபெயர்ந்தபோது தகரப் பெட்டிகளோடு பழைய வான்கடிதங்களும் போயின. ஊர்ப்பெயர் தெரியும், தாலுகா தெரியாது. மாமா பெயர் தெரியும், அவர் பிள்ளைகள் பெயர் தெரியாது. உங்கள் வீட்டில் ஒரு கடிதமாவது மிஞ்சியிருந்தால் அதன் பின்புறத்தைப் பாருங்கள். அனுப்பியவர் பெயருக்குக் கீழே ஊரும் அஞ்சல் நிலையமும் எழுதியிருக்கும். அந்த அஞ்சல் நிலையத்தின் பெயரை வைத்து எங்கள் பாட்டியின் தங்கை பேரனைக் கண்டுபிடித்தோம்.

1982இல் நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதால், அதுவரை இந்தியாவோடு இரண்டு மணியாக இருந்த வித்தியாசம் இரண்டரை மணி ஆனது. இங்கே இரவு ஒன்பதரை என்றால் அங்கே ஏழு. அந்தப் பேரன் வயலிலிருந்து வீடு திரும்பியிருக்கும் நேரம். நாங்கள் அப்போதுதான் கூப்பிடுகிறோம்.